ஓடு மாற்றுவதா, இடித்துக் கட்டுவதா, பக்கத்து மனையா: கிளவுடு சர்வரில் ஓஎஸ் மாற்றும் மூன்று வழிகள்

ஒரு மாதத்துக்குள் மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். முதல் ஆள் பாவூர்சத்திரத்தில் காய்கறிக் கமிஷன் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி. அவருடைய பில்லிங், வாடகைக் கிளவுடு சர்வரில் உபுண்டு 18.04 என்ற பழைய லினக்ஸ் ஓஎஸ்ஸில் (சர்வரை இயக்கும் அடிப்படை மென்பொருள்) ஓடுகிறது. அடுத்தவர் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் எலக்ட்ரிக்கல் சாமான் மொத்த விற்பனை செய்கிறவர். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் கடைக்குள் இருந்த சர்வர் தண்ணீரில் போனதும், அவசரமாகக் கிளவுடுக்கு மாறினார். பழைய மென்பொருளுக்கு ஏற்ற மாதிரி அப்போது சென்ட்ஓஎஸ் 7 என்ற இன்னொரு லினக்ஸ் போட்டுக் கொடுத்தார்கள். ஆறே மாதத்தில், 2024 ஜூன் 30-ல், அதன் ஆயுசு முடிந்தது. மூன்றாவது, பாளையங்கோட்டையில் டியூஷன் சென்டர் நடத்தும் அக்கா. ஒரு ஜிபி ரேம் உள்ள சின்ன சர்வர், உபுண்டு 22.04, அதில் ஒரே ஒரு வலைத்தளம்.

அண்ணாச்சி கேட்டது இப்படி: "தம்பி, ஓஎஸ்ஸ மாத்தணும் மாத்தணும்னு எல்லாரும் சொல்லுதாங்க. ஒருத்தன் அப்படியே அப்கிரேட் பண்ணிரலாங்கான், இன்னொருத்தன் புதுசா எடுங்கான். எது சரி? நடுவுல யாவாரம் நின்னா யாரு பதில் சொல்லுவா?"

நியாயமான கேள்வி. மூன்று பேருக்கும் நான் சொன்ன பதில் மூன்று விதம். ஏன் அப்படி என்பதை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

## எதற்கு மாற்ற வேண்டும்

ஓடுகிற சர்வரை ஏன் தொட வேண்டும் என்று கேட்பவர்களுக்கு முதலில் தேதிகள். உபுண்டு 18.04-க்கான பொது ஆதரவு 2023 மே மாதம் முடிந்தது. 20.04-க்கு 2025 மே மாதம் முடிந்தது. சென்ட்ஓஎஸ் 8-ஐ 2021 டிசம்பர் கடைசியிலேயே நிறுத்திவிட்டார்கள். அதற்கப்புறம் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளுக்கு அடைப்பு வராது. சென்ட்ஓஎஸ் 7-ல் இன்னொரு சங்கடமும் உண்டு. பழைய மிரர் பட்டியலை (மென்பொருள் பொதிகள் இறங்கும் சர்வர்களின் பட்டியல்) மூடி, பொதிகளை எல்லாம் பழங்கிடங்குக்கு மாற்றிவிட்டதால், கிடங்கு முகவரியைக் கையால் திருத்தாமல் ஒரு சின்னப் பொதியைக்கூட நிறுவ முடியாது.

கடையின் கணக்கும், யார் யாருக்கு எவ்வளவு பாக்கி என்பதும், வாடிக்கையாளரின் போன் நம்பரும் அதே சர்வரில்தான் இருக்கின்றன. அதனால் இதைத் தள்ளிப்போடாதீர்கள் என்றுதான் சொல்வேன்.

## மூன்று வழிகள், வீட்டுக் கணக்கில்

இருந்த இடத்திலேயே அப்கிரேட். குடியிருந்துகொண்டே ஓடு மாற்றுவது போல. சாமான்கள் அங்கங்கே அப்படியே இருக்கும், கூரை மட்டும் புதிது.

ரீபில்ட். கிளவுடு நிறுவனத்தின் பேனலில் 'ரீபில்ட்', 'ரீஇமேஜ்', 'சிஸ்டம் டிஸ்க் மாற்று' என்று ஏதாவது ஒரு பெயரில் இருக்கும். வீட்டை இடித்துவிட்டு அதே மனையில் புதிதாகக் கட்டுவது. கதவு எண், அதாவது ஐபி முகவரி, மாறாது. உள்ளே இருந்தது எல்லாம் போய்விடும்.

பக்கத்தில் புது சர்வர். பக்கத்து மனையில் கட்டி, ஒவ்வொரு அறையையும் பார்த்து, பால் காய்ச்சிக் குடிபோவது. பழைய வீடு கொஞ்ச நாள் பூட்டியே கிடக்கும். கதவு எண் மாறும்.

## எதை வைத்து முடிவு செய்வது

எனக்கு எல்லாவற்றிலும் பெரியது ஒன்றுதான்: நட்டநடுவில் ஏதாவது கெட்டுப்போனால் பழைய நிலைக்குத் திரும்பி வர வழி இருக்கிறதா? எத்தனை நிமிஷத்தில் திரும்பலாம்? மற்ற அளவுகோல்கள் எல்லாம் இதற்கு அடுத்துத்தான்.

இரண்டாவது, கடை எவ்வளவு நேரம் நிற்கலாம், எந்த நேரத்தில் நிற்கலாம். 'ராத்திரி செய்தால் யாருக்கும் தெரியாது' என்ற வழக்கமான யோசனை காய்கறிக் கடைக்குப் பொருந்தாது. அண்ணாச்சி கடையில் விடிகாலை மூன்று மணிக்கு லோடு இறங்கும். அவருக்கு ராத்திரிதான் வியாபாரம், மத்தியானம்தான் ஓய்வு. டியூஷன் சென்டருக்குச் சாயங்காலம் மட்டும் தொடக்கூடாது.

மூன்றாவது, ஐபி முகவரியை யார் யார் குறித்து வைத்திருக்கிறார்கள். டிஎன்எஸ்ஸில் (டொமைன் பெயருக்கு எந்த ஐபி என்று காட்டும் பதிவேடு) இருப்பதை மட்டும் எண்ணாதீர்கள். எஸ்எம்எஸ் அனுப்பும் நிறுவனம், பேமென்ட் கேட்வே, ஜிஎஸ்டி ஈ-இன்வாய்ஸ் ஏபிஐ (இரண்டு மென்பொருள்கள் பேசிக்கொள்ளும் வாசல்) எனப் பல இடங்களில் முன்கூட்டிப் பதிவு செய்த ஐபியிலிருந்து வந்தால்தான் உள்ளே விடுவார்கள்.

நான்காவது, உள்ளே ஓடும் மென்பொருளின் வயசு. உபுண்டு 18.04-ல் பிஎச்பி (வலை மென்பொருள் எழுதும் மொழி) 7.2 இருந்தது. 20.04-ல் 7.4, 22.04-ல் 8.1, 24.04-ல் 8.3. பிஎச்பி 8 வந்தபோது பழைய செயல்கூறுகள் சில அடியோடு நீக்கப்பட்டன. 2015 வாக்கில் எழுதி, எழுதியவர் இப்போது துபாயில் இருக்கும் பில்லிங் மென்பொருள் என்றால் கட்டாயம் சோதித்துப் பார்க்க வேண்டும்.

ஐந்தாவது பணம். ஆறாவது, பக்கத்தில் உட்கார்ந்து செய்ய ஆள் உண்டா என்பது.

| அளவுகோல் | இடத்திலேயே அப்கிரேட் | ரீபில்ட் | பக்கத்தில் புது சர்வர் |
|---|---|---|---|
| திரும்பி வர வழி | ஸ்னாப்ஷாட் (டிஸ்க்கின் அந்த நேரத்து முழு நகல்) இருந்தால் மட்டும் | ஸ்னாப்ஷாட் இருந்தால் மட்டும் | பழைய சர்வர் உயிரோடு இருக்கிறது |
| கடை நிற்கும் நேரம் | ஒரு பதிப்புத் தாவலுக்கு அரை முதல் ஒரு மணி நேரம் | சில மணி நேரம் | சில நிமிஷம் |
| ஐபி முகவரி | மாறாது | பெரும்பாலும் மாறாது | மாறும் (நகர்த்தக்கூடிய ஐபி என்றால் மாறாது) |
| முன்கூட்டிச் சோதனை | முடியாது | முடியாது | முழுதாக முடியும் |
| கூடுதல் செலவு | ஸ்னாப்ஷாட் | ஸ்னாப்ஷாட், மீட்கும் வேலை | கொஞ்ச நாளைக்கு இரட்டை வாடகை |
| பழைய குப்பை | கூடவே வரும் | போய்விடும் | போய்விடும் |
| லினக்ஸிலிருந்து விண்டோஸ் அல்லது மறுபக்கம் | நடக்காது | நடக்கும் | நடக்கும் |

## வழி 1: இருந்த இடத்திலேயே அப்கிரேட்

உபுண்டுவில் இதற்கென்றே ஒரு கட்டளை உண்டு. ஆனால் ஒரு எல்டிஎஸ்ஸிலிருந்து (நீண்ட கால ஆதரவு தரும் பதிப்பு) அடுத்த எல்டிஎஸ்ஸுக்குத்தான் தாவ முடியும். 22.04-ல் இருப்பவருக்கு 24.04-க்கு ஒரே தாவல். 18.04-ல் இருப்பவர் 20.04, 22.04, 24.04 என்று மூன்று முறை தாவ வேண்டும். ஒவ்வொரு தாவலிலும் ஏதோ ஒன்று உடையலாம். முதல் தாவலில் உடைந்தது மூன்றாவது தாவலில்தான் கண்ணுக்குத் தெரியும் என்பது இதன் கொடுமை. ஒரு தாவல் என்றால் தைரியமாகச் செய்யலாம். இரண்டு என்றால் யோசிக்க வேண்டும். மூன்று என்றால் வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து.

சென்ட்ஓஎஸ் 7-க்கு அதை உருவாக்கியவர்கள் தந்த வழி எதுவும் இல்லை. சென்ட்ஓஎஸ்ஸுக்கு மாற்றாக வந்த ஆல்மாலினக்ஸ் திட்டத்தார் 'எலிவேட்' என்று ஒரு கருவி தருகிறார்கள். அது 7-லிருந்து 8-க்கும், அங்கிருந்து 9-க்கும் ஏற்றிவிடும். சுத்தமான சர்வரில் நன்றாகவே நடக்கிறது. வெளியிலிருந்து நாலைந்து கிடங்குகளைச் சேர்த்து வைத்திருக்கும் சர்வரில் நாள் முழுக்க உட்கார வைத்துவிடும்.

மறைந்திருக்கும் செலவுகளில் முதலாவது தரவுத்தளம். 18.04-லிருந்து 20.04-க்குப் போகும்போது மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மென்பொருளின் 5.7 போய் 8.0 வந்துவிடும். 8.0 ஒருமுறை உங்கள் தரவுக் கோப்புகளை மாற்றி எழுதிவிட்டால், அதே கோப்புகளோடு 5.7-க்குத் திரும்ப முடியாது. ஓடு பிடிக்கவில்லை என்று பழைய ஓட்டைப் போடப் போனால், சுவரே வேறு உயரத்துக்கு வந்திருக்கும்.

இதோடு ஒட்டிய இன்னொன்று தமிழில் தரவு வைத்திருப்பவர்களைத்தான் அதிகம் அடிக்கும். ஆங்கிலத்தில் எழுதப்படும் வழிகாட்டிகளில் இதைப் பார்த்த நினைவில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மைஎஸ்க்யூஎல் 5.7 வரை, நாம் எதுவும் சொல்லாவிட்டால் எழுத்து முறை லத்தீன்-1 (ஐரோப்பிய எழுத்துகளுக்கான பழைய முறை) என்று அது எடுத்துக்கொள்ளும். பழைய பில்லிங் மென்பொருள்கள் பலவற்றில் எழுத்து முறையைக் குறிப்பிட்டிருக்கவே மாட்டார்கள். தமிழின் ஒவ்வொரு குறியும் யூடிஎஃப்-8-ல் (எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்து முறை) மூன்று பைட். அந்தப் பைட்டுகளை லத்தீன் எழுத்து என்று நினைத்து அப்படியே வாங்கி, அப்படியே திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது 5.7. போனதும் வந்ததும் ஒன்றாகவே இருந்ததால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. 8.0-ல் அந்த இயல்பு நிலை மாறிவிட்டது. இப்போது நடுவில் ஒரு எழுத்து முறை மாற்றம் நடக்கும். 'சின்ன வெங்காயம்', 'கத்தரிக்காய்' எல்லாம் கொம்பும் குறியுமாகத் திரையில் நிற்கும்.

பத்தமடையில் பாய் வாங்கி வெளியூருக்கு அனுப்பும் ஒருவருடைய பட்டியலில் இதை நேரில் பார்த்தேன். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர் பெயர்கள். தரவு அழியவில்லை, வாசிக்கும் விதம்தான் மாறியது என்பதைப் புரிந்துகொள்ளவே எனக்கு அரை நாள் ஆனது. பெயர்கள் இருக்கும் புலத்தை முதலில் வெறும் பைனரியாக மாற்றி, அப்புறம் யூடிஎஃப்-8 என்று அறிவித்தால் எழுத்து திரும்பி வந்துவிடும். அதைச் செய்வதற்கு முன்னால் பதற்றத்தில் யாராவது நாலு பெயரைத் திருத்தி எழுதிவிட்டால், பாதி ஒரு விதமாகவும் பாதி வேறு விதமாகவும் ஆகிவிடும். அப்புறம் கையால்தான் சரிசெய்ய வேண்டும்.

இரண்டாவது மறை செலவு, சர்வருக்கு வெளியே பூட்டப்பட்டு நிற்பது. அப்கிரேட் நடக்கும்போது எஸ்எஸ்எச் (தூரத்திலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி) இணைப்பு அறுந்தால் உள்ளே போக உபுண்டு 1022 என்ற போர்ட்டில் ஒரு மாற்று வாசல் திறந்து வைக்கும். கிளவுடு பேனலின் ஃபயர்வாலில் அந்தப் போர்ட்டைத் திறக்காவிட்டால் அது பயன்படாது. பேனலில் இருக்கும் கன்சோல் வழியாகப் போகலாமே என்பீர்கள். கன்சோல் கடவுச்சொல் கேட்கும். சாவிக் கோப்பு வைத்தே இத்தனை வருஷம் நுழைந்தவருக்குக் கடவுச்சொல்லே இருக்காது. தொடங்குவதற்கு முந்தின நாளே கன்சோலில் ஒருமுறை நுழைந்து பாருங்கள்.

இந்த வழி யாருக்கு நல்லது? ஒரே தாவல், ஒரே வலைத்தளம், எல்லாமே உபுண்டுவின் சொந்தப் பொதிகள், ஒரு மணி நேரம் நின்றால் யாரும் கேட்க மாட்டார்கள் என்கிற இடத்துக்கு இதைவிட எளிய வழி இல்லை. ரேம் ஒரு ஜிபியோ அதற்குக் கீழேயோ என்றால் முதலில் ஒரு ஸ்வாப் கோப்பு (ரேம் போதாதபோது டிஸ்க்கில் இடம் தருவது) போட்டுக்கொள்ளுங்கள், டிஸ்க்கில் சில ஜிபி காலியாக வையுங்கள். யாரோ உள்ளே புகுந்திருக்கிறார்கள் என்ற சந்தேகம் துளி இருந்தாலும் இந்தப் பக்கமே வராதீர்கள். புகுந்தவர் விட்டுப்போனதும் அப்கிரேடோடு சேர்ந்தே வரும்.

## வழி 2: ரீபில்ட்

இதன் ஒரே பெரிய பலம் ஐபி. மனை அதேதான், கதவு எண் அதேதான். எஸ்எம்எஸ், ஈ-இன்வாய்ஸ், வங்கி என்று ஐந்தாறு இடத்தில் ஐபி பதிந்திருந்து, ஒவ்வொன்றையும் மாற்ற ஒரு வாரம் கடிதம் எழுத வேண்டும் என்றால், இது மிகவும் கவர்ச்சியாகத் தெரியும்.

பேனலில் ஒரு பொத்தான்தான். ஐந்து நிமிஷத்தில் புது ஓஎஸ் எழும்பிவிடும். அந்த ஐந்து நிமிஷத்தை நம்பித்தான் பலர் கணக்குப் போடுகிறார்கள். உண்மையான நேரம் அதற்கப்புறம்தான் தொடங்குகிறது. 40 ஜிபி பேக்கப்பை அலுவலகக் கணினியில் வைத்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். உங்கள் இணைப்பின் அப்லோடு வேகம் 20 எம்பிபிஎஸ். மேலே ஏற்ற மட்டும் நாலரை மணி நேரம் ஆகும், அதுவும் நடுவில் கரண்ட் போகாமல் இருந்தால். ஆகவே ஒரு பிரதியைக் கையில் வைத்துக்கொண்டாலும், மீட்பதற்கான பிரதி அதே டேட்டா சென்டருக்குள் தனி டேட்டா டிஸ்க்கிலோ ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜிலோ (கிளவுடு நிறுவனத்தின் தனிக் கோப்புக் கிடங்கு) இருக்க வேண்டும்.

ரீபில்ட் அழிப்பது சிஸ்டம் டிஸ்க்கை. தனியாக இணைத்த டேட்டா டிஸ்க் பொதுவாக அப்படியே இருக்கும். ஆனால் பெரும்பாலான சின்ன சர்வர்களில் டேட்டா டிஸ்க்கே கிடையாது, தரவுத்தளமும் சிஸ்டம் டிஸ்க்கில்தான் உட்கார்ந்திருக்கும். டேட்டா டிஸ்க் இருந்தால், புது ஓஎஸ்ஸில் அதை மறுபடி மவுன்ட் செய்யும்போது (ஓஎஸ்ஸோடு இணைக்கும்போது) 'ஃபார்மட் செய்யவா' என்று ஏதாவது கேட்டால் கையை எடுத்துவிடுங்கள்.

எல்லோரும் தரவுத்தளத்தையும் வலைத்தளக் கோப்புகளையும் எடுத்துக்கொள்வார்கள். விட்டுப்போவது வேறு சங்கதிகள். கிரான் பட்டியல் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலைகள்), எச்டிடிபிஎஸ் சான்றிதழ்கள், வெப் சர்வர் அமைப்புக் கோப்புகள், பயனர் கணக்குகள், யாரோ என்றைக்கோ எழுதி ரூட் கோப்புறையில் போட்டுவைத்த பேக்கப் ஸ்கிரிப்ட். எட்சி கோப்புறையை (/etc, அமைப்புக் கோப்புகள் இருக்குமிடம்) முழுசாகவும், கிரான் இருக்கும் ஸ்பூல் கோப்புறையையும், ஹோம், ரூட் இரண்டையும் கட்டி எடுத்துக்கொள்வதுதான் என் பழக்கம்.

அப்புறம் நேர மண்டலம். இது நான் செய்த தவறு, அதனால் மறக்காமல் சொல்கிறேன். சங்கரன்கோவில் பக்கம் ஒரு பூ வியாபாரியின் சர்வரை ரீபில்ட் செய்து கொடுத்தேன். எல்லாம் ஓடியது, பகலில் பத்து பில் போட்டுப் பார்த்தோம், சரியாக இருந்தது. மறுநாள் காலை போன் வந்தது. விடிகாலை மூன்றரை, நாலு மணிக்குப் போட்ட பில் எல்லாம் முந்தின நாள் தேதியில் பதிவாகியிருந்தன. கிளவுடு இமேஜ்கள் (தயாராக வரும் ஓஎஸ் நகல்கள்) பெரும்பாலும் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில்தான் வரும், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால். ராத்திரி பன்னிரண்டுக்கும் காலை ஐந்தரைக்கும் நடுவே போடும் பில் எல்லாம் நேற்றைய கணக்கில் விழும். பகலில் சோதித்தால் தேதி சரியாகவே காட்டும், அதனால்தான் ஏமாந்தேன். விடியலில் வியாபாரம் நடக்கும் ஊர்க்காரர்கள் ஏசியா/கொல்கத்தா என்று மாற்றிவிட்டுத்தான் மறுவேலை பார்க்க வேண்டும்.

ரீபில்டுக்குப் பிறகு எஸ்எஸ்எச் அடையாளச் சாவி மாறுவதால், 'இந்த சர்வரின் அடையாளம் மாறிவிட்டது' என்ற பயங்கரமான எச்சரிக்கை உங்கள் கணினியில் வரும். நீங்களே மாற்றினீர்கள் என்பதால் பழைய பதிவை நீக்கிவிட்டுப் போகலாம். ராத்திரி பேக்கப் எடுக்கும் இன்னொரு கணினியிலும் அதே எச்சரிக்கை வந்து, அது சத்தமில்லாமல் நின்றுபோகும். அதையும் போய்ப் பாருங்கள். உபுண்டு 22.04 முதல் பழைய ஷா-1 கையொப்ப முறையை எஸ்எஸ்எச் ஏற்காது. பழைய புட்டி, பழைய வின்எஸ்சிபி (விண்டோஸிலிருந்து சர்வருக்குள் நுழையும் மென்பொருள்கள்) வைத்திருக்கும் கணினிகள் சாவி சரியாக இருந்தும் உள்ளே வர முடியாது.

சர்வருக்குள் யாரோ புகுந்துவிட்டார்கள், ஐபியையும் விட முடியாது என்றால் இதுதான் வழி. ஐபியைப் பல இடத்தில் பதிந்து வைத்து, அரை நாள் நிற்கவும் முடிகிற இடத்துக்கும் இது பொருந்தும். அரை நாள் நிற்க முடியாது என்றால் பொத்தானைத் தொட வேண்டாம்.

## வழி 3: பக்கத்தில் புது சர்வர்

யாராவது என்னிடம் விவரம் எதுவும் சொல்லாமல் 'எது?' என்று மட்டும் கேட்டால் இதைத்தான் சொல்வேன். காரணம் ஒன்றே: பழைய சர்வர் அழியவில்லை. புதியதில் என்ன சிக்கல் வந்தாலும் டிஎன்எஸ்ஸை மாற்றிப் பழையபடி ஓட்டலாம். இடைப்பட்ட நேரத்தில் புதியதில் விழுந்த பில்களை மட்டும் கொண்டுவந்து சேர்க்க வேண்டும்.

இரண்டாவது, அவசரம் இல்லை. புது சர்வரை எழுப்பி, தரவைக் கொண்டுவந்து, உங்கள் கணினியின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் மட்டும் புது ஐபியை எழுதிவிட்டால், உலகம் பழைய சர்வரைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் மட்டும் புதியதைப் பார்க்கலாம். பில் போடலாம், தமிழ் சரியாக வருகிறதா, விடிகாலைத் தேதி சரியாக விழுகிறதா என்று ஒரு வாரம் சோதிக்கலாம். கடைப் பையனையே உட்கார்த்தி ஒரு நாள் முழுக்கப் போடச் சொல்லுங்கள். நாம் பார்க்காத இடத்தில்தான் அவன் கை போகும்.

மாறும் நாளுக்கு இரண்டு நாள் முன்னால் டிஎன்எஸ்ஸின் டிடிஎல்லை (பழைய ஐபியை மற்றவர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரம்) 300 வினாடிக்குக் குறையுங்கள். கோப்புகளை ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவி வைத்து முதலில் ஒருமுறை முழுசாக நகலெடுங்கள். மாறும் நேரத்தில் பழையதில் பில் போடுவதை நிறுத்தி, கடைசித் தரவுத்தள நகலை எடுத்து, மாறிய கோப்புகளை மட்டும் இன்னொருமுறை ஆர்சிங்க் செய்து, டிஎன்எஸ்ஸை மாற்றினால் பத்து இருபது நிமிஷத்தில் முடிந்துவிடும். டிஎன்எஸ்ஸைத் தாமதமாகப் புதுப்பிக்கும் இணைப்புகளுக்காக, பழைய சர்வரின் வெப் சர்வரில் வருகிற எல்லாவற்றையும் புதியதுக்குத் தள்ளிவிடும்படி இரண்டு வரி எழுதி வையுங்கள். இரண்டு சர்வரிலும் பில் விழுந்து கணக்கு பிளவுபடாமல் இருக்க இது கட்டாயம்.

இதன் மறை செலவுகளில் முதலாவது பழைய ஐபியைக் கையால் எழுதி வைத்திருக்கும் இடங்கள். வண்ணார்பேட்டைக்காரரின் லைன் ஆட்கள் களக்காடு, நாங்குநேரி, வள்ளியூர் என்று போய் ஆர்டர் எடுப்பார்கள். அவர்கள் போனில் இருக்கும் ஆப்பில் டொமைன் பெயர் இல்லை, வெறும் ஐபி எண்தான் இருந்தது. சர்வரை மாற்றினால் ஒன்பது போனையும் வாங்கி மாற்ற வேண்டும். ஆகவே சர்வரை மாற்றுவதற்கு முன்பே, பழைய ஐபியைக் காட்டும் ஒரு டொமைன் பெயரை ஆப்பில் போட்டுவிடுங்கள். அந்தப் பழைய எண் எங்கெல்லாம் இருக்கிறது என்று மென்பொருள் கோப்புகளிலும் தேடுங்கள். சர்வரிலிருந்தே மின்னஞ்சல் அனுப்புகிறவர்களுக்குப் புது ஐபியின் நற்பெயரும் ஒரு பிரச்சினை. முந்தைய வாடகைக்காரர் என்ன செய்தார் என்பது நமக்குத் தெரியாது.

இரண்டாவது வாடகை. மாதம் 12 டாலர் சர்வர் என்றால் பத்து நாள் இரட்டை வாடகை 4 டாலர், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 4.72. சுமாராக நானூறு ரூபாய். கடை அரை நாள் நின்றால் போவது இதைவிட எத்தனையோ மடங்கு. ஆனால் பழையதை அழிக்க மறந்தால் அது மாதாமாதம் வந்துகொண்டே இருக்கும். நிறுத்தி வைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். டிஜிட்டல்ஓஷனில் அணைத்து வைத்த சர்வருக்கும் முழு வாடகை உண்டு. ஏடபிள்யூஎஸ்ஸில் நிறுத்திய சர்வரின் டிஸ்க்குக்குக் காசு ஓடும். பொது ஐபிவி4 முகவரி ஒவ்வொன்றுக்கும் 2024 பிப்ரவரி முதல் மணிக்கு 0.005 டாலர், அதாவது மாதம் சுமார் 3.6 டாலர், தனியாக வாங்குகிறார்கள்.

உங்களிடம் இருப்பது சர்வரோடு ஒட்டாத, நகர்த்தக்கூடிய ஐபி என்றால் (எலாஸ்டிக் ஐபி, ரிசர்வ்டு ஐபி என்பார்கள்) இந்த வழியின் பெரிய குறையும் தீர்ந்துபோகும். ஐபியைக் கழற்றி புதியதில் மாட்டினால் வேலை முடிந்தது. முதலில் பேனலில் போய் இதைத்தான் பாருங்கள்.

## மாற்றாமல் கொஞ்ச நாள் ஓட்டலாமா

உபுண்டுவில் ஓட்டலாம். உபுண்டு ப்ரோ என்ற திட்டத்தில் சேர்ந்தால் வெளியான நாளிலிருந்து பத்து வருஷம் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும். தனிநபர் கணக்கில் 5 மெஷின்கள் வரை இலவசம். 18.04-க்கு இது 2028 வரை போகும். நாளைக்கே மாற்ற முடியாதவர்கள் இன்று ராத்திரியே இதைப் போட்டுக்கொண்டு நிதானமாக வழி 3-க்குத் தயாராகலாம்.

## எந்த ஓஎஸ்ஸுக்கு

உபுண்டுவில் பழகியவர்கள் உபுண்டு 24.04-க்கே போங்கள். 2029 வரை பொது ஆதரவு உண்டு. சின்ன ரேம், அதிகம் மாறாத அமைப்பு வேண்டும் என்றால் டெபியன் என்ற இன்னொரு லினக்ஸ். ஆனால் டெபியனின் கிடங்கில் மைஎஸ்க்யூஎல் இல்லை, அதிலிருந்து பிரிந்த மரியாடிபிதான் வரும். பழைய மென்பொருளை அதில் சோதிக்காமல் நம்பக்கூடாது.

சென்ட்ஓஎஸ்ஸிலிருந்து வருபவர்களுக்கு ஆல்மாலினக்ஸ் அல்லது ராக்கி. இரண்டும் 2021-ல், சென்ட்ஓஎஸ் 8 நிறுத்தப்படும் என்ற அறிவிப்புக்கு அப்புறம் வந்தவை. இரண்டுக்கும் நடுவே கடைக்காரருக்கு உணரக்கூடிய வித்தியாசம் இல்லை. 9-ஐ எடுத்தால் 2032 வரை போகும். ஆனால் மென்பொருள் பிஎச்பி 7.4-ஐத் தாண்டாது என்றால் ஆல்மாலினக்ஸ் 8-ஐப் பாருங்கள். அதன் கிடங்கிலேயே 7.4 கிடைக்கும், 2029 வரை ஆதரவும் உண்டு.

டேலி ஓட்டுவதற்காக விண்டோஸ் சர்வர் வைத்திருப்பவர்கள் விண்டோஸிலேயே இருங்கள். பதிப்பை மட்டும் பாருங்கள். 2012 ஆர்2-வின் ஆதரவு 2023 அக்டோபரில் முடிந்துவிட்டது, 2016-க்கு 2027 ஜனவரி வரைதான்.

## மூன்று பேருக்கும் சொன்னது

டியூஷன் அக்காவுக்கு வழி 1. 22.04-க்கு 2027 ஏப்ரல் வரை நேரம் இருக்கிறது, ஒரே தாவல்தான். பரீட்சை முடிந்து லீவு விட்டதும் ஒரு காலையில் செய்யலாம். ஸ்னாப்ஷாட் எடுத்த பிறகு.

வண்ணார்பேட்டைக்காரருக்கு வழி 2-தான் வரும்போல முதலில் தோன்றியது. வருஷத்துக்கு ஐந்து கோடிக்கு மேல் விற்பனை, ஈ-இன்வாய்ஸ் கட்டாயம், ஐபி பதிந்து வைத்தது. பேனலைத் திறந்து பார்த்தால் ஐபி நகர்த்தக்கூடிய வகை. அதனால் வழி 3. பக்கத்தில் ஆல்மாலினக்ஸ் 8, இரண்டு வாரம் சோதனை, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐபியைக் கழற்றி மாட்டுவது. லைன் ஆட்களின் ஒன்பது போனையும் தொட வேண்டியதே இல்லை.

பாவூர்சத்திரம் அண்ணாச்சிக்கும் வழி 3, உபுண்டு 24.04. மூன்று தாவல் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். அவருடைய தரவுத்தளத்தில் தமிழ் லத்தீன்-1-ல்தான் உட்கார்ந்திருக்கிறது, அதைப் புது சர்வரில் நிதானமாக மாற்றிப் பார்க்கலாம். பிஎச்பி 8.3-ல் பில்லிங் நாலு இடத்தில் தடுக்குகிறது. திருத்த ஆள் பிடித்தாயிற்று. அதுவரைக்கும் பழையதில் உபுண்டு ப்ரோ.

"பழச எப்ப அழிக்கலாம் தம்பி?" என்று கேட்டார். புதியதில் ஒரு மாதக் கணக்கு முடித்து, ஆடிட்டரிடம் கொடுத்து, அவர் சரி என்று சொன்ன பிறகு, கடைசி நகல் ஒன்றை ஹார்டு டிஸ்க்கில் எடுத்துக் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு அழிக்கலாம் என்றேன். அதற்கு ஆகும் ஒரு மாதக் கூடுதல் வாடகையைக் கேட்டுவிட்டு, "ஒரு மூட்டை வெங்காயக் காசுகூட இல்லையே" என்றார். மாறும் நாளாக ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டு மணியைக் குறித்திருக்கிறோம்.